நாலு கோடு, நாலு கலர், 15 கட்டம்!

கண்காட்சியில் கலர் கட்டங்களைப் பார்த்ததும், ‘இதை நானே போட்டுடுவேனே!’ என்று தோணுதா? அமெரிக்க ஓவியர் சோல் லெவிட் (1928-2007) போட்ட கணக்கைப் பாருங்க.

செங்குத்து, படுக்கை, இரண்டு பக்கச் சாய்வு என நான்கு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர்: கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம். தனித்தனியாக 4, இரண்டிரண்டாக 6, மூன்று மூன்றாக 4, எல்லாம் சேர்ந்து 1. ஆக, 15 கட்டம்!

1971-ல் கலிஃபோர்னியாவின் கிரவுன் பாயின்ட் பிரஸ்ஸில் எச்சிங் செய்யத் தொடங்கினார் லெவிட். கலர் அச்சில் பெரும்பாலும் கலருக்கு ஒரு பிளேட். ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில் உட்காரணும். கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு!

அடுத்த முறை தள்ளி நின்று பாருங்க, கோடுகள் கலந்து புது நிறங்கள் தெரியும். கிட்டப் போனால், அதே நாலு கலர்தான்!