வடக்கின் வேலைவாய்ப்பு: வயலுக்கு அப்பால் பார்க்க வேண்டிய இடம்

வடக்கில் வேலை இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்களிடம் இரண்டு பதில்கள்தான் இருக்கின்றன: அரசாங்க உத்தியோகம் அல்லது வெளிநாடு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் போராடியபோதும் கோரிக்கை அரச நியமனமாகவே இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேறு வழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறு எதைக் கேட்பது? ஆனால் விளைச்சல் வயலை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதை நாங்கள் போதியளவு பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய 5 மாவட்டங்களும் சேர்ந்து இலங்கையின் நிலப்பரப்பில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டில் இங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 10 இலட்சத்து 60 ஆயிரம் பேர். மத்திய வங்கியின் மாகாண உற்பத்தி மதிப்பீடுகளில் வட மாகாணம் நீண்டகாலமாகக் கடைசி வரிசையிலேயே நிற்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கிணற்று நீரில் வெங்காயமும் மரக்கறியும் புகையிலையும் விளைகின்றன. வன்னியில் குளங்கள்தான் உயிர். கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கும் இரணைமடு, மன்னாரின் கட்டுக்கரைக்குளம், முல்லைத்தீவின் முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்பவை நிரம்பினால் சிறுபோகம் உண்டு. நிரம்பாவிட்டால் சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர்களைக் குறைத்துப் பங்கிட வேண்டியதுதான். எனவே புதிதாகக் காடு வெட்டி வயலாக்கி வேலை கொடுக்கலாம் என்ற கணக்கு நீரோடு நின்றுவிடும்.

வயலில் குறையும் வேலை

காலபோக அறுவடைக்கு ஆட்கள் வரிசையாக இறங்கிய காலம் போய்விட்டது. இப்போது அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரைச் சில மணிநேரத்துக்குள் முடித்துவிடுகிறது. கமக்காரருக்கு அது வசதி. கூலிவேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது இழப்பு. போரில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களே இதில் அதிகம் பாதிக்கப்பட்டன. ஆடைத் தொழிற்சாலைகள் இளம் பெண்கள் சிலரை உள்வாங்கின. வயதானவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை.

வயலுக்குள் இனி வேலை பெருகப் போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஈர நெல்லின் கணக்கு

தை, மாசியில் வன்னி வீதிகளின் ஓரமெங்கும் நெல் காய்வதைக் காண்கிறோம். உலர்த்தும் தளம் போதாது என்பதே அதன் பொருள். நெல் சந்தைப்படுத்தும் சபையின் தரத்துக்கு ஈரப்பதன் 14 வீதம் இருக்க வேண்டும். இயந்திரம் வெட்டும் நெல்லில் அதைவிட ஈரம் அதிகம். காயவைக்க இடமும் வைத்திருக்கக் களஞ்சியமும் இல்லாதவர், வயலுக்கே லொறியோடு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். அந்த நெல் வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. பின்னர் பையில் அடைத்த அரிசியாக எங்கள் கடைகளுக்குத் திரும்புகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. அதற்கு முந்தைய டிசம்பரில் நாட்டரிசிக்கு நிர்ணயித்த மொத்த விலை 225 ரூபா. 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். நெல்லின் விலை 12,000 ரூபா. அரிசியின் விலை 14,625 ரூபா. வித்தியாசம் 2,625 ரூபா. தவிடும் உமியும் தனி. ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்ததாக வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் 52,500 ரூபா. ஆயிரம் ஏக்கருக்கு 5 கோடி 25 இலட்சம்.

இது முழுவதும் இலாபமல்ல. அவித்தல், மின்சாரம், போக்குவரத்து, சம்பளம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனால் அந்தச் சம்பளம் வேறு மாவட்டத்தில் கொடுக்கப்படுகிறது என்பதே எங்களுக்கான செய்தி. கமக்காரர் 120 ரூபாவுக்குக் கீழே விற்றால் இடைவெளி இன்னும் பெரிது.

வாக்குறுதிகளும் அனுபவமும்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு போனது. இப்போது பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் பற்றிப் பேசப்படுகிறது. 2025 செப்டெம்பரில் வடக்குத் தென்னை முக்கோணமும் ஆரம்பிக்கப்பட்டது. வரவேற்கலாம். ஆனால் தென்னை காய்க்க 5, 6 ஆண்டுகள் செல்லும். கட்டடம் மட்டும் எழுந்தால் போதாது என்பதற்கு வவுனியாவே உதாரணம். பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா, தாண்டிக்குளத்திலா என்று 2016இல் அரசியல்வாதிகள் மோதினார்கள். கடைசியில் வேறிடத்தில் கட்டப்பட்டது. கட்டிய பின்னும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

காணியும் கடனும்

உள்ளூரில் ஒருவர் ஆலை போட நினைத்தால் வங்கி காணி உறுதியைக் கேட்கும். இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்தவர்களும், வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து இன்னும் அனுமதிப்பத்திரம் கிடைக்காதவர்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வனத் திணைக்களமும் படையினரும் வைத்திருக்கும் காணிகளின் பிரச்சினை வேறு. வங்கிக்குப் போக முடியாத பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் போனார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. 2021இன் இரசாயனப் பசளைத் தடையும் 2022இன் நெருக்கடியும் அதற்கு மேல் வந்து விழுந்தன.

இனி

பெரிய நவீன ஆலை ஒன்றுக்குச் சிலரே போதும். ஆதலால் ஒரு பேராலையைவிட, குளங்களை ஒட்டிய சிறிய, நடுத்தர ஆலைகளும் உலர்த்தும் தளங்களும் களஞ்சியங்களும்தான் கூடுதலானோருக்கு வேலை தரும் என்று கருதுகிறேன். பொறி திருத்துநர், மின்னியலாளர், கணக்காளர், சாரதி, பொதி செய்வோர் என்று படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அங்கே இடம் உண்டு. விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. கமக்காரர் அமைப்புகளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

புலம்பெயர் உறவுகள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கும்போது நான் சொல்வது இதுதான்: கோயில் மண்டபத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஒரு உலர்த்தும் தளத்துக்குக் கொடுங்கள். கமக்காரர் நெல்லை இரண்டு மாதம் வைத்திருக்க முடிந்தால் விலை பேசும் பலம் அவர் பக்கம் வரும். அடுத்த காலபோக அறுவடைக்கு முன் கிராமத்துக்கு ஒன்றாவது அமைந்தால், அங்கிருந்து ஆலைக்குப் போவது அவ்வளவு தூரமில்லை.