மணமுழவுக்கு நன்றி யாருக்கு? புறநானூறு 194ஆம் பாட்டின் தொடரமைப்பு குறித்து

பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூற்று 194ஆம் பாட்டை ஆறுதல் பாட்டாகப் படிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு, உலகம் அப்படித்தான், கிடைத்த இனிமையைக் கண்டு நிறைவு கொள்க என்பது அந்த வாசிப்பின் சாரம். வெள்ளமோ ஆழிப்பேரலையோ வேறோர் ஊரைக் கொண்டுபோன நாளில், தன் கூரை தப்பியதற்கு நன்றி சொல்லிக்கொள்ளும் மனத்துக்கு இது வசதியான மேற்கோள். பாட்டின் தொடரமைப்பு இதற்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம். மகிழ்வதைப் பாட்டு தடுக்கவில்லை. பிறர் துயருக்கு நடுவே தன் நலத்துக்காக நன்றி பாராட்டுவதைத்தான் அது இயலாததாக்குகிறது.

ஏழடிப் பாட்டின் முதல் நான்கு அடிகளில் நான்கு காட்சிகள்: நெய்தற்பறை எனும் சாப்பறை ஒலிக்கிறது, மணமுழவு அதிர்கிறது, துணையோடு இருப்பவர் பூச்சூடுகின்றனர், பிரிந்தவர் கண்கள் நீர் சொரிகின்றன. நான்கும் செயவென் எச்சங்களாக நின்று ஐந்தாம் அடியின் படைத்தல் வினையைக் கொண்டு முடிகின்றன. அந்த வினையைச் செய்தவனைப் புலவர் பண்பில்லாதவன் என்கிறார். ஆறுதல் வாசிப்பு இந்த வசையைச் சாவீட்டோடு மட்டும் பொருத்துகிறது: துயர் தந்ததால் அவன் பண்பற்றவன், இன்பம் தந்த அளவில் நன்றிக்கு உரியவன். இலக்கணம் அப்படிப் பங்கு பிரிக்க விடுவதில்லை. பறைக்கும் முழவுக்கும் முடிக்கும் வினை ஒன்று, வினைமுதல் ஒருவன். மணமுழவும் அந்தப் பண்பற்றவனின் செயலே. காட்சிகளின் வரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. துயர், மகிழ்ச்சி, மகிழ்ச்சி, துயர் என்று அவை அமைந்திருப்பதால் இரண்டு இன்பங்களும் நடுவில் அடைபட்டுவிடுகின்றன. வசை கண்ணீரை ஒட்டி வருகிறது. இவ்வெச்சங்கள் உடனிகழ்ச்சியை மட்டும் குறிக்கலாம், படைப்பின் விளைவைக் குறிக்க வேண்டியதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அந்த வாய்ப்பை முற்றாகத் தள்ள நான் துணியமாட்டேன். ஆனால் உடனிகழ்ச்சி என்று கொண்டாலும் நான்கையும் ஒரே விதமாகத்தான் கொள்ள வேண்டும். துயர்க் காட்சிகளை மட்டும் வசையோடு கட்டி இன்பக் காட்சிகளை அவிழ்த்துவிட வழியில்லை.

நன்றிக்குச் சங்கப் பாடல்கள் வைக்கும் நிபந்தனையையும் இங்கே கருத வேண்டும். செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்று அறநூலைச் சான்று காட்டும் புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் தமக்கு உணவளித்த கிள்ளிவளவனை நேரில் வாழ்த்துகிறார். கொடுத்தவன் தெரிகிறான், கொடையும் தெரிகிறது. குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரமும் ஒருவர் மனமறிந்து செய்த உதவியைப் பற்றியதே. 194ஆம் பாட்டிலும் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். ஆனால் நன்றி பெறும் தகுதியை அவனிடமிருந்து புலவர் பறித்துவிடுகிறார். பண்பற்றவன் கையிலிருந்து வந்ததைத் துய்க்கலாம், அதற்காக அவனை வாழ்த்த முடியாது. பூச்சூடியவர்மீது பாட்டில் ஒரு பழிச்சொல்லும் இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வலுவான மறுப்பு துறைக்குறிப்பிலிருந்து வருகிறது. நிலையாமையைக் கூறும் பெருங்காஞ்சித் துறையாக வகுக்கப்பட்டிருப்பதால் பாட்டு நிலையாமை பேசுகிறது, ஆகவே நியாய அநியாயம் அதன் பொருளன்று என்பர். துறைக்குறிப்பு பாடலுக்குப் பின் வந்த வகைப்பாடு என்பதோடு, நிலையாமைக்குக் காலம் ஓட வேண்டும் என்பதும் உண்டு. நாலடியாரின் யாக்கை நிலையாமை அதிகாரத்தில் மணத்துக்கு முழங்கிய பறையே அன்றே அவ்விடத்திலேயே பிணப்பறையாகிறது. அங்கே இடம் ஒன்று, பறை ஒன்று, மாறுவது பொழுது. நன்கணியாரிடம் வீடுகள் இரண்டு, பொழுது ஒன்றே. மணவீட்டுக்கும் நாளை சாவு வரும் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு முறை வரும் என்ற சமாதானம் நாலடியாருக்கு உரியது. அதைப் பின்னோக்கி இப்பாட்டில் ஏற்றியதால்தான் ஒரே நேரத்து ஏற்றத்தாழ்வு மறைந்துபோனது.

அப்படியானால் இனியவற்றைக் காணச் சொல்லும் இறுதியடி? அது எல்லோருக்கும் சொல்லப்பட்டதன்று. உலகின் இயல்பை உணர்ந்தவர்க்கு மட்டும். காண வேண்டிய இனிமை தன் வீட்டு முழவு என்றால் மணவீட்டார் அதை உணர்வு ஏதுமின்றியே கண்டுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏவல் எதற்கு? ஏவலுக்குப் பொருள் வேண்டுமானால், அந்த இனிமை ஏற்கெனவே பங்கிடப்பட்டதற்கு வெளியே, மனிதர் தேடிச் செய்துகொள்வதாக இருக்க வேண்டும். புறநானூற்றின் பழைய உரை இவ்வடியை வீட்டின்பம் தரும் நற்செய்கைகளின் பக்கம் திருப்பியது. வீட்டின்பத்துக்குப் பாட்டில் சான்றில்லை; நற்செய்கை என்ற திசை சரி. பழைய உரையை வைதிகச் சார்பு என்று ஒதுக்கிவிட்டு மனநிறைவைக் கொண்டுவந்து வைத்த பிற்கால வாசிப்பு, இந்த ஓரிடத்தில், உரையாசிரியரைவிடப் பாட்டிலிருந்து விலகியே நிற்கிறது.