கம்பி வலையும் கருத்து வலையும்

ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் குறும்பரப்பு வலையின் வரலாறு, ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்டதாகும். அதற்குள் அது கண்ட மாறுதலோ பெரிது.

1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளில் சிதறிக் கிடந்த நிலையங்களை வானொலி அலையால் இணைத்தனர். அம்முறையை ஆராய்ந்து திருத்தியவர், கலிபோர்னியாவிலிருந்த சீராக்ஸ் ஆய்வுக்கூடத்தினரான ராபர்ட் மெட்கால்ஃப். 1973 மே 22-இல் அவர் வரைந்த குறிப்பே ஈதர்நெட்டின் வித்து. டேவிட் பாக்ஸ் என்பாரும் அவரும் அதனை இயக்கிக் காட்டினர். கம்பி ஒன்றே, பொறிகள் பல. பேச விழையும் பொறி முதலில் செவிமடுக்கும். கம்பி அமைதியாயிருப்பின் பேசும். இரு குரல்கள் மோதின், இரண்டும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். நம் குழாயடிகளில் காணக்கிடையாத பண்பு இது!

1983-இல் இம்முறை பொதுத்தரமாயிற்று. ஆயின் பொறிகள் பெருகப் பெருக மோதல்களும் பெருகின. 1990-இல், இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ் தோற்றுவித்த 'கல்பனா' என்னும் அமெரிக்க நிறுவனம், ஈதர்நெட் ஸ்விட்ச்சை வெளிக்கொணர்ந்தது. உரியவருக்கு உரிய செய்தியை மட்டும் அது தனிவழியே அனுப்பியது. எனினும், அனைவரையும் நோக்கிய அறைகூவல் எல்லாச் செவிகளிலும் விழுந்தது.

இதற்குத் தீர்வாக 1998-இல் வந்த பொதுத்தரம், செய்தி ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்முத்திரை இட்டது. அடுத்தடுத்த நாற்காலியினர் வெவ்வேறு வலையினராகவும், வெவ்வேறு மாடியினர் ஒரே வலையினராகவும் ஆயினர். ஒரே கம்பியமைப்பில் 4,094 மெய்நிகர் வலைகள்! ஒரு பொறிக்குள்ளேயே பல மெய்நிகர்ப் பொறிகள் குடியேறிய பின் அதுவும் போதவில்லை. 2014-இல் வெளியிடப்பெற்ற விஎக்ஸ்லேன் முறை, அவ்வெண்ணிக்கையை 1 கோடியே 60 லட்சத்திற்கும் மேலாக உயர்த்தியது.

இதில் இடரும் உண்டு. சுவர் கண்ணுக்குத் தெரியும், முத்திரை தெரியாது. ஓர் எண் பிழைபடின், ஒருவர் மறைபொருள் மற்றவர் வலையிற் சென்று சேரும். அன்றியும், மெய்நிகர் வலை எத்துணை விரியினும் அதன் அடியில் மெய்யான கம்பி கிடந்தே ஆகவேண்டும்.

அன்பர்களே! காலனியில் வெவ்வேறு வரிசைகளில், பல மொழியினரிடையே வாழும் நாம், தமிழ் என்னும் முத்திரையால் ஒரு வலையாயிருக்கிறோம். ஆயினும் உறுப்பினர் பட்டியல் மட்டும் சங்கமாகிவிடாது. ஒருவர் வாயிற்படியை மற்றவர் மிதித்து நலம் வினவும் பழக்கமே நம் கம்பி. அஃது அறாதிருக்கட்டும்.