கோழிக்காரப் பெண் ஆன்ஜு ஆன கதை

1998 நவம்பரில் வெளிவந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’ என்னும் வீடியோ விளையாட்டில் ககாரிகோ என்றொரு மலையடிவாரச் சிற்றூர் வரும். அங்கே ஒரு பெண் தன் கோழிகளைப் பறிகொடுத்து நிற்பாள். கோழி வளர்ப்பவள்தான், ஆனால் கோழியைத் தொட்டால் அவள் உடலுக்கு ஒவ்வாது. ஊரெங்கும் சிதறிப்போன ஏழு கோழிகளையும் பிடித்து வந்து அடைப்புக்குள் விட்டால் கண்ணாடிக் குடுவை ஒன்றைப் பரிசாகத் தருவாள். விளையாடிய பெரும்பாலோர்க்கு அவள் வெறும் கோழிக்காரப் பெண்.

பதினேழு மாதங்கள் கழித்து, 2000 ஏப்ரலில், ‘மஜோராஸ் மாஸ்க்’ வெளிவந்தபோது அதே உருவம் மீண்டும் வந்தது. இம்முறை அவளுக்கு ஆன்ஜு என்று பெயர். ஒரு விடுதியை நடத்துகிறாள். அவள் சமையலுக்கு அஞ்சிப் பாட்டி நினைவு தடுமாறியவள்போல் நடிக்கிறாள். அவளை மணக்க இருந்தவனைக் காணவில்லை. ஓர் ஏவலைச் சொல்லிப் பரிசு தருவதற்காக நிறுத்தப்பட்டிருந்த உருவம், தனக்கென ஒரு துயரத்தைக் கொண்ட மனுஷியாகிவிட்டது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, வரலாறு பயில்வோர்க்கு அதில் என்ன இருக்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

நின்டெண்டோ நிறுவனத்தின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் வெளியானது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதன் முதன்மைப் படைப்பாளர்கள். அது பதிவாகியிருந்த காந்தத் தட்டின் மொத்தக் கொள்ளளவு சுமார் 112 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அவ்விடம் போதாது. ஆகவே ஹைரூல் என்னும் அந்தக் கற்பனை நாட்டின் குகைகளில் வசித்த மாந்தர்க்கு உருவங்களும் சிலவே. பேச்சும் ஓரிரு வரிகளே. மரவாளைத் தரும் முதியவர், மருந்து விற்கும் மூதாட்டி, குண்டு வைத்துக் கதவைத் தகர்த்ததற்குத் தண்டம் கேட்கும் கிழவர் ஆகிய அனைவரும் ஒருவகையில் கைகாட்டி மரங்கள். வழி சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்கள்.

அவ்வறுமையிலும் ஒரு நகைச்சுவை பிறந்தது. 1987இல் வந்த இரண்டாம் பகுதியில் ஒருவர் தம் பெயர் ‘எரர்’, அதாவது பிழை, என்று அறிமுகம் செய்துகொள்வார். வேறோரிடத்தில் இருக்கும் அவருடைய நண்பரின் பெயர் ‘பக்’, அதாவது நிரலில் நேரும் வழு. இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிரலாளர்களின் சிலேடை விளங்கும். ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர்கள் முதற்பெயரை விளங்கும் சொல்லாக வைத்து, இரண்டாவதை ‘பாகு’ என ஜப்பானிய ஒலிப்பிலேயே விட்டுவிட்டனர். சிலேடை அறுந்தது. எரர் என்பது அச்சுப்பிழை போன்ற ஒரு தவறென்றே மேற்கில் பலர் நெடுங்காலம் எண்ணினர். அந்த எண்ணமே அவரை மறக்கவியலாத பாத்திரமாக்கிற்று. துணைமாந்தரின் புகழைப் படைத்தவர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. பெயர்த்தவரும் வாசித்தவரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்று.

இத்தொடரின் நாயகனாகிய லிங்க் பேசுவதில்லை. விளையாடுபவர் தம்மை அவனாகவே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். நாயகனுக்குச் சொல் இல்லாதபோது கதையின் சொற்சுமை முழுவதும் சுற்றியிருப்போர்மீது இறங்குகிறது. அகத்திணை பயின்றவர்கட்கு இவ்விடத்தில் ‘கூற்று’ என்னும் கருத்து நினைவுக்கு வரலாம். தோழியும் செவிலியும் பாணனும் தத்தம் நிலையில் நின்று பேசும்போதுதான் தலைமக்களின் வாழ்வு நமக்குத் துலங்குகிறது. செல்டாவுக்கும் சங்கப் பாடலுக்கும் உறவு ஏதுமில்லை. யாருக்குக் கூற்று உண்டு என்று கேட்கும் பழக்கம் மட்டும் இங்கும் பயன்படுகிறது.

அக்கேள்வியோடு அணுகினால் 1993 ஒரு திருப்பமாகத் தெரிகிறது. அவ்வாண்டு கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ வந்தது. சிலர் வேலைநேரத்திற்குப் பின் சோதனையாகத் தொடங்கிய முயற்சி அது. ‘ட்வின் பீக்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் போல, சிறிய ஊர், குறைந்த மாந்தர், ஒவ்வொருவரிடமும் ஒரு புதிர் என அமைக்க விரும்பியதாகப் பின்னாளில் ஒரு நேர்காணலில் தெசுகா கூறினார். இளவரசி செல்டா இதில் இல்லை. கப்பல் உடைந்து கோஹொலிண்ட் தீவில் ஒதுங்கிய லிங்கை மாரின் என்னும் பெண் காப்பாற்றுகிறாள். அவள் பாடுவாள், கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய ஏங்குவாள். அவ்வூர்க் கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துச்சென்றால், அதன்பின் ஊரார் அனைவரும் லிங்கைத் ‘திருடன்’ என்றே அழைப்பர். கைகாட்டி மரங்கள் ஆளை எடைபோடத் தொடங்கிவிட்டன.

தீவிலிருந்து வெளியேற எட்டு இசைக்கருவிகளைத் திரட்டி, உறங்கும் காற்றுமீனை எழுப்ப வேண்டும். பாதி வழியில் உண்மை தெரிகிறது: தீவும் அதன் மாந்தரும் அந்த மீன் காணும் கனவு. அது விழித்தால் மாரின் இல்லை, அவள் பாட்டில்லை, திருடன் என்று அழைக்க ஊருமில்லை. ஆயினும் வேறு வழியின்றி விளையாடுபவர் தொடர்கிறார். நாயகனின் வெற்றியே துணைமாந்தர் அனைவரின் அழிவு என்னும் இக்கட்டை, 512 கிலோபைட் அளவுள்ள ஒரு விளையாட்டு குழந்தைகள்முன் வைத்தது. முந்தைய பகுதிகளில் இழப்பு இருந்தது. நாயகனின் செயலே அவ்விழப்புக்குக் காரணமாவது இங்குதான்.

‘ஒகரினா ஆஃப் டைம்’ காலத்தைக் கதைக்குள் கொணர்ந்தது. சிறுவன் லிங்க் ஏழாண்டுகள் உறங்கி எழும்போது, எவ்வளவு காலம் கழிந்தது என்பதை அவனைச் சுற்றியிருந்தோர் வழியாகவே உணர்கிறோம். மக்கள் நிறைந்த கோட்டைச் சந்தையில் நடைபிணங்கள் உலவுகின்றன. பண்ணைப் பெண் மலோன் வளர்ந்துவிட்டாள். காட்டுத் தோழி சாரியாவோ முதுமையே அடையாத இனத்தவள். அவள் மாறாமல் இருப்பதே பிரிவின் அளவைக் காட்டுகிறது. நாவி என்னும் தேவதையின் பிறப்பும் குறிப்பிடத்தக்கது. முப்பரிமாண வெளியில் இலக்கைக் குறித்துக்காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வெறும் முக்கோணமாக வைப்பதற்கு மாறாக யோஷியாகி கொய்சுமி அதை ஒரு தேவதையாக்கினார். தொழில்நுட்பத் தேவை ஒன்று தோழியாயிற்று.

இனி ஆன்ஜுவிடம் திரும்பலாம். ‘ஒகரினா’வின் பெருவெற்றிக்குப் பின் அடுத்த பகுதியைக் குறுகிய காலத்தில் முடிக்கவேண்டிய நெருக்கடி எய்ஜி அவோனுமாவின் குழுவுக்கு ஏற்பட்டது. முன்பு செய்த உருவங்களையே மீண்டும் பயன்படுத்தினர். அவ்வாறுதான் கோழிக்காரப் பெண் விடுதிக்காரி ஆனாள். உலகத்தைப் பெரிதாக்க நேரமில்லாததால் காலத்தைச் சுருக்கினர். முதலில் ஒரு வாரமாக எண்ணியது மூன்று நாளாயிற்று. மூன்றாம் நாள் முடிவில் நிலவு ஊர்மீது விழும். இயல்பான வேகத்தில் ஆடினால் அம்மூன்று நாளும் ஏறத்தாழ 54 நிமிடங்களில் கழியும். விழுவதற்குள் லிங்க் ஒரு பாட்டை இசைத்து முதல் நாளுக்குத் திரும்பவேண்டும். அதனால் ஊரார் ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்கான நிகழ்ச்சிநிரல் வகுக்கப்பட்டது. அஞ்சல்காரர் தம் நேரப்படி ஓடுகிறார். கடை திறக்கிறது, மூடுகிறது. நாயகன் பார்த்தாலும் பாராவிட்டாலும் அவர்கள் வாழ்வு நடக்கிறது.

ஆன்ஜுவின் மணமகன் காஃபேய் மாயத்தால் சிறுவனாக்கப்பட்டு ஒளிந்திருக்கிறான். திருமண முகமூடியும் களவுபோயிற்று. உரிய நாழிகையில் உரிய இடத்தில் நின்றால்தான் லிங்க் உதவ முடியும். எல்லாம் கைகூடினால், நிலவு விழுவதற்குச் சற்று முன்பு காஃபேய் அவளிடம் வந்து சேர்கிறான். லிங்கைத் தப்பிப்போகச் சொல்லிவிட்டு, விடியலைச் சேர்ந்து எதிர்கொள்வோம் என்று இருவரும் அங்கேயே தங்கிவிடுகின்றனர். அதன்பின் பாட்டை இசைத்தாக வேண்டும். இசைத்ததும் முதல் நாள். ஆன்ஜு மீண்டும் காத்திருக்கிறாள், நடந்தது எதையும் அவள் அறியாள்.

எஞ்சுவது ஒரு குறிப்பேடு. ஊர்ச் சிறுவர் குழு ஒன்று லிங்கிடம் தரும் அவ்வேட்டில் 20 பேரின் அல்லல்களும் நேரங்களும் பதிவாகின்றன. காலம் பின்னோக்கிச் சென்றாலும் ஏட்டின் பதிவுகள் அழிவதில்லை. ஆவணக் காப்பகம் பற்றி நம் வகுப்புகளில் எவ்வளவோ பேசுகிறோம். மறக்கப்பட்டவர்களின் துயரத்தை யாரோ ஒருவர் எழுதிவைத்திருந்தால்தான் அது நிகழ்ந்ததென்று ஆகும் என்பதை இதைவிட எளிதாக நான் எங்கும் கண்டதில்லை.

இவ்வரலாற்றைப் புகழுரையாக முடித்துவிட இயலாது. மாரின், சாரியா, ஆன்ஜு ஆகிய மூவரும் செய்வது பெரும்பாலும் காத்திருத்தல். தலைப்பில் பெயருள்ள செல்டாவே முதன்மை வரிசையில் தலைமைப் பாத்திரமாக 2024 வரை, ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நினைவில் நிற்றலும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. தகாயா இமாமுரா வரைந்த டிங்கிள், தேவதை உடை அணிந்த 35 வயது ஆண். அவனை நாயகனாகக் கொண்ட விளையாட்டு 2006இல் ஜப்பானிலும் 2007இல் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. வட அமெரிக்காவில் வெளியிடப்படவே இல்லை. 2017இன் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ நூறாண்டுகளுக்கு முன் மாண்ட நான்கு வீரர்களைச் சுற்றிக் கதையமைத்தது. தன் ஆசிரியரின் பாடல்களை ஊரூராகப் பாடித்திரியும் காஸ் என்னும் பாணன் அதில் பலரையும் கவர்ந்தான். 2023இல் வந்த அடுத்த பகுதியில் அவனைக் காணவில்லை. விளையாடியோர் அவனைத் தேடினர்.

தேடியும் கிடைக்காதவை வேறு உண்டு. 1995 ஆகஸ்டில் முதல் செல்டாவின் ஒரு புதிய வடிவம் செயற்கைக்கோள் வழியாக ஜப்பானிய வீடுகளுக்கு ஒலிபரப்பப்பட்டது. குறித்த நேரத்தில் மட்டுமே ஆட முடியும். நடிகர்களின் குரல் அந்நேரத்தில் வானொலி போல வந்து கலக்கும். அக்குரல் கருவியில் சேமிக்கப்படவில்லை. ஆர்வலர் சிலர் வீட்டில் பதிவுசெய்துவைத்த நாடாக்களே இன்று நமக்கு மிச்சம். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் பழைய கருவிகள் இரண்டுக்கான இணையக் கடைகளை மூடியபோது, அங்கு மட்டுமே விற்பனையில் இருந்த ஆக்கங்களும் வாங்கக் கிடைக்காமற்போயின.

இது ஆய்வுக்குரிய பொருளா என்று நெறியாளர்கள் ஐயுறுவதைக் கேட்டிருக்கிறேன். நாற்பதாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் கூடிப் பழகிய மாந்தர் இவர்கள். இத்துறையில் நுழைய எண்ணும் மாணவர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: நீங்கள் ஆடிய விளையாட்டில் எந்த ஊரில், எந்த நாழிகையில், யார் என்ன சொன்னார் என்பதை இன்றே ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். நாயகனைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். கோழிக்காரப் பெண்ணிலிருந்து தொடங்குங்கள்.