மூன்றாவது சக்கரத்தின் விலை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் என் பெரியப்பா மகனிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. அண்ணனுக்கு வயது அறுபத்து நான்கு. நாற்பதைக் கடந்தபின் அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது ஆசை பிறந்தது. நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட, ஏறத்தாழ நானூறு கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை வாங்கி, அண்ணியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பல மாநிலங்களைச் சுற்றி வந்தவர். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் சிக்னலில் நின்றபோது இடது கால் வண்டியின் பாரத்தைத் தாங்கவில்லை. வண்டி மெல்லச் சாய்ந்து சாலையில் படுத்துவிட்டது. இருவருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அன்றோடு அண்ணி பின்னிருக்கையில் ஏறுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கலாமா என்பதே அவருடைய கேள்வி. 'டிரைக்' என்று அங்கே அழைக்கிறார்கள். புதிய வண்டியின் விலை ஏறத்தாழ 36 ஆயிரம் டாலர். "அந்தப் பணத்துக்கு நல்ல கார் வரும் என்கிறாள் உன் அண்ணி. நண்பர்களோ இது கிழவர்களின் வண்டி என்று சிரிக்கிறார்கள். கடைக்காரர் விற்கப் பார்க்கிறார். விற்கவும் சிரிக்கவும் தெரியாதவன் நீ ஒருவன்தான், தம்பி. நீ சொல்" என்று முடித்திருந்தார்.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று இது. ஆயினும் ஒரு பொருளின் மதிப்பை அறிய அதன் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது என் தொழில்வழி வந்த பழக்கம். அவருக்கு எழுதிய மறுமொழியே சிறிது விரிந்து இக்கட்டுரையாகியிருக்கிறது.

*

மூன்று சக்கரம் என்பது இரண்டு சக்கரத்தின் தளர்ந்த வடிவம் என்றே பலரும் எண்ணுகிறோம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. எஞ்சின் பூட்டிய வாகனங்களின் கதை மூன்று சக்கரத்தில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் உருவாக்கி, 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்றே சக்கரங்கள். அழகு கருதியோ சிக்கனம் கருதியோ அவர் அப்படிச் செய்யவில்லை. முன்னிரு சக்கரங்களையும் ஒழுங்காகத் திருப்பும் முறை அவருக்கு அப்போது பிடிபடவில்லை. அது பிடிபட்டபின், 1893இல், நான்கு சக்கர வண்டிக்கு மாறினார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்று உலகுக்கு மோட்டார் வாகனத்தின் பயனை மெய்ப்பித்தது இந்த மூன்று சக்கர வகையில்தான்.

1885இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் செய்த மரச்சட்ட வண்டியே உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பலரால் கருதப்படுகிறது. அதுவும் இரண்டு சக்கரத்தில் தனித்து நிற்கவில்லை. சாய்ந்துவிடாமல் தாங்குவதற்கு இருபுறமும் இரு சிறு துணைச்சக்கரங்கள் இருந்தன. நம் வீடுகளில் குழந்தை நடைபயிலும் நடைவண்டியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிற்கத் தெரியாதவனுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. கற்றபின் அது பரணுக்குப் போய்விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தெ தியோன்-பூத்தோன் நிறுவனத்தின் மோட்டார் மூன்றுசக்கரங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. வேகமாகச் சுழலும் அந்தச் சிறு எஞ்சினைப் பல நாடுகளின் தொழிற்சாலைகள் வாங்கின, அல்லது பார்த்துச் செய்தன. இங்கிலாந்தில் எச். எஃப். எஸ். மார்கன் 1910இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்த வண்டிக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கார் வாங்க இயலாதவர்களின் கார் அது. மூன்று சக்கர வண்டிக்குக் காரைவிடக் குறைந்த வரி என்பதும் அதை வாழவைத்தது. 1922இல் ஆஸ்டின் செவன் போன்ற மலிவான நான்கு சக்கரக் கார்கள் வரத் தொடங்கியதும், அவ்வகை எளிய வண்டிகளைச் செய்துவந்த பல நிறுவனங்கள் மறைந்தன. மார்கன் மட்டும் 1950களின் தொடக்கம் வரை மூன்று சக்கரத்தைத் தாக்குப்பிடித்து நடத்தியது.

இவை யாவற்றிலும் பொதுவான ஒன்றைக் காணலாம். மூன்றாவது சக்கரம் ஓர் இல்லாமையை ஈடுசெய்ய வந்தது. தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை, நிலைதடுமாறாமல் ஓட்டும் பயிற்சி இல்லை. இல்லாமை நீங்கியதும் சக்கரமும் நீங்கியது.

*

அமெரிக்காவில் இதன் வரலாறு இன்னும் தெளிவானது. 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் வந்த பெருமந்தத்தில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் ஆண்டு உற்பத்தி 20 ஆயிரத்துக்கும் மேலிருந்து 1933இல் 4 ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. இன்பப் பயணத்துக்கு வண்டி வாங்குவார் இல்லை. உழைக்கும் வண்டி ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது. 1932ஆம் ஆண்டு மாடலாக வந்த 'சர்வி-கார்' அவ்வாறு பிறந்ததே.

அதன் முதல் வேலை விந்தையானது. பழுதான காரை எடுத்துவர ஒர்க் ஷாப்பிலிருந்து இருவர் போக வேண்டியிருந்த காலம். சர்வி-கார் இருந்தால் ஒரு மெக்கானிக் போதும். அவர் அதில் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போவார். அதன் முன்பக்கத்தில் உள்ள இரும்புக் கம்பியைக் காரின் பின்பக்கத்தில் மாட்டுவார். காரை ஓட்டிக்கொண்டு திரும்புவார். மூன்று சக்கர வண்டி சாயாமல் பின்னால் உருண்டு வரும். இரு சக்கர வண்டியை இப்படி இழுத்துவர இயலாது. இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே சாமான் வைக்கப் பெரிய பெட்டி. பின்னோக்கிச் செல்லும் கியரும் விரைவில் சேர்க்கப்பட்டது.

பின்னர் நகரக் காவல் துறைகள் இதை விரும்பின. வாகனம் நிறுத்தும் நேரத்தைக் கண்காணிக்கும் காவலர், மெதுவாக ஊர்ந்தபடியே நீண்ட கோலின் நுனியில் உள்ள சாக்கட்டியால் கார்களின் டயரில் குறியிட்டுச் செல்வார். நடக்கும் வேகத்தில் ஓட்டினாலும் நிலைகுலையாத வண்டி வேண்டும் அல்லவா? 1964இல் ஹார்லி நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள்களுள் முதன்முதலாக மின் ஸ்டார்ட்டர் பொருத்தியது இந்த உழைப்பாளி வண்டிக்குத்தான். நாளெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டுபவரின் கால் வலி அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது நம் கேள்விக்கு முக்கியமானது. 1973 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்வி-கார் உற்பத்தியில் இருந்தது. அதைச் சுமந்து நின்றது அதன் பயன்.

இதே பயன் இந்தியாவிலும் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் எஞ்சிய ஹார்லி, இண்டியன் மோட்டார் சைக்கிள்களின் பின்பகுதியை மாற்றி, ஆட்கள் அமரும் கூண்டைப் பொருத்தி, தில்லியில் 'பட்பட்டி' என்று ஓட்டினார்கள். கன்னாட் பிளேஸுக்கும் சாந்தினி சௌக்குக்கும் இடையே பங்குக் கட்டணத்தில் மக்களை ஏற்றிச் சென்ற அவ்வண்டிகள், காற்று மாசு குறித்த உச்சநீதிமன்ற ஆணையை அடுத்து 1998இல் நிறுத்தப்பட்டன. அமெரிக்கப் போர்வீரனின் வண்டி, மூன்றாவது சக்கரத்தால், தில்லிக் குமாஸ்தாவின் வண்டியாகி அரை நூற்றாண்டு ஓடியது.

*

உழைப்பாளி எப்போது சீமானானான்? 1975இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா கோல்ட் விங் போன்ற வண்டிகள் ஆண்டுக்காண்டு பருத்தன. 1988 மாடலில் ஆறு சிலிண்டர் எஞ்சினும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் துணையால் பின்னோக்கி நகரும் வசதியும் வந்துவிட்டன. மனிதனால் தள்ள முடியாத எடைக்கு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஓட்டுபவர்களுக்கும் வயது ஏறியது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் உரிமையாளர்களின் இடைநிலை வயது 1990இல் 32, 2018இல் 50. வண்டி கனக்க, முழங்கால் தளர, இரண்டும் ஏதோ ஒரு சிக்னலில் சந்தித்துக்கொள்வது தவிர்க்க முடியாததாயிற்று.

கனத்த வண்டிகளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரு சக்கர அச்சைப் பொருத்தித் தரும் சிறு தொழிலகங்கள் இந்த இடைவெளியில் தோன்றின. அவற்றுள் ஒன்றான லீமன் டிரைக்ஸின் துணையுடன் ஹார்லி நிறுவனம் 2008இல், 2009ஆம் ஆண்டு மாடலாக, 'ட்ரை கிளைட்' வண்டியை ஏறத்தாழ 30 ஆயிரம் டாலர் விலையில் வெளியிட்டது. எடை அரை டன்னுக்கு மேல். 1932இன் சர்வி-கார் ஒரு பெரும் பொருளாதாரச் சரிவில் பிறந்தது. ட்ரை கிளைட் பிறந்த ஆண்டிலும் உலகை உலுக்கிய ஒரு நிதி நெருக்கடி. முன்னது மெக்கானிக்குக்காக, பின்னது ஓய்வுபெற்றவருக்காக. எளியோரின் வண்டியாக இருந்த மார்கனும் 2011இல் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாக மறுபிறவி எடுத்தது. கனடாவின் கேன்-ஆம் நிறுவனம் 2007இல் முன்னிரு சக்கரமுள்ள 'ஸ்பைடர்' வண்டியைக் கொண்டுவந்தது. அதன் எளிய உடன்பிறப்பான 'ரைக்கர்' 2018இல் எட்டரை ஆயிரம் டாலர் தொடக்க விலையில் அறிமுகமானது. ஆகவே 36 ஆயிரம் என்பது மூன்றாவது சக்கரத்தின் விலையன்று. அதைச் சுற்றியுள்ள இசைப்பெட்டி, பளபளப்பு, பெயர் ஆகியவற்றின் விலையும் அதில் அடக்கம்.

*

இனி எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூன்று சக்கரம் கீழே விழாது என்பது நிற்கும்போது மட்டுமே முழு உண்மை. இரு சக்கர வண்டி வளைவில் உட்புறம் சாய்ந்து, வெளியே தள்ளும் விசையைச் சமன் செய்கிறது. சாயாத டிரைக்கில் அந்த விசை ஓட்டுபவரின் உடலை வெளிப்புறம் தள்ளும். வேகம் மிகுந்தால் உட்புறச் சக்கரம் தரையைவிட்டு எழும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வகையில், வளைவுக்குள் பிரேக் பிடிக்கும்போது இந்த ஆபத்து கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1970இல் ஹோண்டா தொடங்கிவைத்த, பருத்த டயர்களுடன் மணலிலும் காட்டிலும் ஓடும் மூன்று சக்கர வண்டிகள் அமெரிக்காவில் பெருமளவில் விற்றன. கவிழ்ந்து இறந்தவர்களும் காயமுற்றவர்களும் பெருகவே, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துடன் செய்த உடன்பாட்டின்படி 1988இல் உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையைக் கைவிட்டனர். அவை சாலைக்கான டிரைக்குகளிலிருந்து அமைப்பில் மாறுபட்டவைதாம். ஆயினும் 'மூன்று சக்கரம், ஆகவே பத்திரம்' என்ற நம்பிக்கைக்கு ஒரு தலைமுறை கொடுத்த விலையை மறந்துவிடக்கூடாது.

அண்ணனுக்கு நான் எழுதியவற்றின் சாரம் இதுதான். பணக் கணக்கை முதலில் போடுங்கள். 36 ஆயிரத்துக்கு வாங்கிப் பத்தாண்டு கழித்துப் பாதி விலைக்கு விற்பதாகக் கொண்டால் இழப்பு 18 ஆயிரம். பனிக்காலம் போக ஆண்டுக்கு நாற்பது நாள் ஓட்டினால் நாளொன்றுக்கு 45 டாலர். காப்பீடும் டயரும் தனி. இருபது நாள்தான் ஓட்டுவீர்கள் என்றால் 90 டாலர். கார் கொட்டகையில் நிற்கப்போகும் வண்டியானால் அண்ணி சொல்வதே சரி.

அடுத்தது, இதை உங்கள் பழைய வண்டியின் தொடர்ச்சி என்று எண்ணி வாங்காதீர்கள். வளைவில் சாயும் இன்பம் இதில் இல்லை. மிஞ்சுவது காற்றும் சாலையும் பின்னால் ஒருவர் அமர்ந்திருப்பதும். இவை போதுமா என்பதை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினால்தான் அறிய முடியும். உரிம விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களின் சிரிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டைம்லரின் வண்டிக்கே துணைச்சக்கரம் தேவைப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. முதல் நாள் முதல் வளைவிலேயே பழக்கத்தால் உடலைச் சாய்த்தாராம். வண்டி சாய மறுத்துச் சாலையின் ஓரத்துக்கு ஓடியதாம். நெஞ்சு பதறி, வெறிச்சோடிய ஒரு பள்ளி மைதானத்தில் மாலைவரை ஹேண்டில்பாரைத் திருப்பப் பழகியிருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் அண்ணி தாமே தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

புதிய வண்டியை அவர் வாங்கவில்லை. ஐந்து ஆண்டுகள் ஓடிய ஒன்றை, அதன் ஆரம்ப விலையில் ஏறத்தாழப் பாதிக்கு வாங்கியிருக்கிறார். பழைய மோட்டார் சைக்கிளை விற்ற அன்று மட்டும் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரியில், இலையுதிர்காலத்துக்குள் எந்த மலைப்பாதைக்குப் போகலாம் என்று அண்ணி வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறாள் என்றிருந்தது.