தளர்ந்த இதயத்துக்குக் கடிவாளம்

களைத்த மாட்டைச் சாட்டையால் விரட்டினால் எவ்வளவு தூரம் ஓடும்? தளர்ந்த இதயத்தை அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அப்படித்தான் விரட்டுகின்றன.

அந்த ஹார்மோன்கள் வந்து பற்றும் ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என 1948-இல் பிரித்துக் காட்டினார் அமெரிக்கர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக் அதிலிருந்து புதுவழி கண்டார்: இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டித் தருவதைவிட, அதன் தேவையைக் குறைப்பது. 1960-களில், பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்து பிறந்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் செயலிழக்கும் இதயத்துக்கு இவ்வகை மருந்து ஆகாது என்றே மருத்துவ உலகம் நம்பியது. 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் குழு ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்தது. நிலை தேறியது. பலர் நம்பவில்லை.

பின்னாளைய ஆய்வுகள் காரணத்தை விளக்கின. துடிப்பு நிதானமாகிறது, ஆக்சிஜன் செலவு குறைகிறது. கொழுப்பு அமிலத்தை எரிப்பது குறைந்து, அதே ஆக்சிஜனுக்குக் கூடுதல் ஆற்றல் தரும் குளுக்கோஸின் பங்கு கூடுகிறது. மாதக்கணக்கில் இதயத்தின் வலுவும் மீள்கிறது.

3,991 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான மெரிட்-எச்எஃப் ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால் மரணங்களை 34 சதவீதம் குறைத்தது. விலக்கப்பட்ட இவ்வகை மருந்து, இன்று இதயச் செயலிழப்புச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்று.