ஈரல் புற்றுநோய்: கட்டி சொல்லாததைச் சொன்ன ஈரல்

ஈரல் புற்றுநோய் என்று அறிந்ததும் குடும்பத்தவர் கேட்கும் முதற் கேள்வி, "இன்னும் எவ்வளவு காலம்?" என்பதே. மரபணுக்களிடம் இதற்கு விடை தேடிய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது.

நம் உடற்கலங்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் உள்ளன. எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு.

யுஜின் ஹொஷிடா, டொட் கொலப் குழுவினர், சத்திரசிகிச்சையில் அகற்றி மெழுகில் பேணப்பட்ட 307 நோயாளரின் திசுக்களைத் திரட்டினர். ஜப்பானியர் 82 பேரிடம் கண்டதை, அமெரிக்க, ஐரோப்பிய நோயாளர் 225 பேரிடம் சரிபார்த்தனர். கட்டியின் மரபணு வெளிப்பாடு ஆயுளைக் காட்டவில்லை. கட்டியைச் சூழ்ந்த, புற்றில்லாத ஈரலில் 186 மரபணுக்களின் கோலமே காட்டியது.

காரணம் உண்டு. நீண்டகால அழற்சியால் தழும்பேறிய ஈரலில், கட்டியை வெட்டியெடுத்த பின்பும் புதிய கட்டி முளைக்கலாம்.

இத்தகைய கணிப்பு ஒருவரின் நாட்களை எண்ணித் தருவதில்லை. கூடிய ஆபத்துள்ளவர் யார் என்பதையே சொல்கிறது. வழமையான சிகிச்சையில் கட்டியின் அளவு, பரவல், ஈரலின் செயற்பாடு ஆகியவற்றையே வைத்தியர்கள் பார்க்கிறார்கள்.

நம் கையில் இருப்பது ஈரலைக் காப்பதே. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 முதல், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஆயுளில் ஒரு தடவையேனும் ஹெப்படைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்யுமாறு பரிந்துரைக்கிறது. பிரிட்ஜ்வாட்டரில் வாழும் நாம் குடும்ப வைத்தியரிடமே இதைக் கேட்கலாம். ஈரல் தழும்பேறியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்வதைத் தவறவிடக் கூடாது.